பிள்ளைகள் இருவர், சம்பளம் இரண்டு: கைக்கு வருவது எவ்வளவு?

வாசகி ஒருவர் அரியாங்குப்பத்திலிருந்து எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்:

"நான் புதுச்சேரி அரசுப் பள்ளி ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 9,60,000. கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் தனியார் கம்பெனி வேலை. கம்பெனி கட்டும் பி.எஃப். நீங்கலாக ஆண்டுக்கு 13,50,000, அதில் பாதி அடிப்படைச் சம்பளம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. பள்ளிக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 90,000. வீட்டு வாடகை மாதம் 12,000. மருத்துவக் காப்பீடு 20,000. மகளுக்குச் செல்வமகள் கணக்கில் ஆண்டுக்கு 24,000 கட்டுகிறோம். என் சம்பளத்தில் சேர்த்த இரண்டரை லட்சத்தைப் பிள்ளைகள் பெயரில் எஃப்.டி. போட்டிருக்கிறேன்.

12.75 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். அப்படியானால் கணவருக்கு மீதி 75,000க்குத்தானே வரி வர வேண்டும்? மாதம் 6,175 பிடிக்கப் போவதாகக் கம்பெனியில் சொல்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தைக் காட்டிப் பழைய முறைக்குப் போகச் சொல்கிறார் அவருடைய நண்பர். பிரான்ஸில் இருக்கும் என் அக்காவுக்குப் பிள்ளைகள் இருப்பதால் வரியும் குறைகிறது, மாதாமாதம் பணமும் வருகிறது. இங்கே இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கம்பெனி போட்ட கணக்கு சரிதான். நீங்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். என் அலுவலகத்துக்கு வரும் பத்துப் பேரில் பாதிப் பேர் இதையே கேட்கிறார்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது.

12 லட்சம் வரை வரியே கிடையாது என்று செய்தியில் சொன்னதுதான் குழப்பத்துக்குக் காரணம். வருமான வரியைக் கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு, சம்பளக்காரர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேலேயே வரி தொடங்கிவிடுகிறது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம். 12 லட்சத்துக்கு இப்படி 60,000 வரி வருகிறது. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 60,000ஐ அரசு தள்ளுபடி செய்கிறது. சம்பளக்காரர்களுக்கு நிரந்தரக் கழிவு 75,000 தனியாக உண்டு. அதனால்தான் 12.75 லட்சம் என்ற கணக்கு வந்தது. அந்த 12 லட்சக் கோட்டைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். தாண்டிய பணத்துக்கு மட்டுமல்ல, 4 லட்சத்திலிருந்தே வரி விழும்.

உங்கள் கணவருக்கு 75,000 கழித்தால் 12,75,000. முதல் 12 லட்சத்துக்கு 60,000, மீதி 75,000க்கு 11,250, மொத்தம் 71,250. அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரி 4 சதவீதம், 2,850. ஆக 74,100. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,175.

கோட்டைச் சற்றே தாண்டியவர்களுக்குச் சட்டத்தில் ஒரு நிவாரணம் இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினார்களோ அதைவிட அதிகமாக வரி போடக் கூடாது என்பதே அது. கழிவு போக 12,10,000 உள்ளவருக்குக் கணக்குப்படி 61,500 வந்தாலும், 10,000உம் செஸ்ஸும் கட்டினால் போதும். இந்த நிவாரணம் ஏறக்குறைய 12,70,600 வரைதான் கைகொடுக்கும். உங்கள் கணவர் 12,75,000இல் நிற்கிறார். நாலாயிரத்துச் சொச்சத்தில் தவறிவிட்டது. ஆனாலும் நிவாரணம் கிடைத்திருந்தால் பெரிதாக மிச்சமாகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம், அந்த எல்லைக்கு அருகில் இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதனால் கைக்கு வருவது என்ன ஆகிறது என்று பாருங்கள். 12,75,000 சம்பளம் வாங்கும் ஒருவருக்கு வரி பூஜ்யம். உங்கள் கணவருக்கு 13,50,000 வந்து, 74,100 வரி போய், மிஞ்சுவது 12,75,900. கூடுதலாக 75,000 சம்பாதித்து அவர் வீட்டுக்குக் கொண்டுவருவது 900 ரூபாய். வருத்தமான கணக்குதான், ஆனால் இதற்கு வழி இருக்கிறது.

வழிக்கு முன் நண்பர் சொன்ன பழைய முறையைப் பார்த்துவிடுவோம். பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அது, பி.எஃப்., செல்வமகள் போன்றவற்றுக்கும் சேர்த்து வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு தரும் ஒன்றரை லட்சத்துக்குள் அடங்க வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்தில் முதலில் உட்காருவது பி.எஃப். அடிப்படைச் சம்பளம் 6,75,000க்கு 12 சதவீதம், 81,000. மிச்சமுள்ள இடம் 69,000. 90,000 கட்டணத்தில் 21,000க்கு இடமே இல்லை. செல்வமகள் 24,000 முழுவதும் வெளியே நிற்கிறது. அந்த 90,000இலும் பஸ் கட்டணம், கட்டட நிதி, நன்கொடை, சீருடை எதுவும் சேராது. டியூஷன் ஃபீஸ் என்று ரசீதில் தனியாகப் போட்டிருப்பது மட்டும்தான்.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நிரந்தரக் கழிவு பழைய முறையில் 50,000. தொழில் வரி 2,500. வாடகையில், அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்துக்கு மேலுள்ள 76,500க்கு விலக்கு. 80சி ஒன்றரை லட்சம். காப்பீடு 20,000. எல்லாம் கழித்து 10,51,000 மிஞ்சுகிறது. அதற்கு வரி, செஸ்ஸோடு 1,32,912. புதிய முறையைவிட 58,812 அதிகம். உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் பழைய முறை சரிப்பட வேண்டுமானால் நிரந்தரக் கழிவு போக இன்னும் ஐந்து லட்சத்துக்கு மேல் கழிவு காட்ட வேண்டும். வீட்டுக் கடன் வட்டி இரண்டு லட்சம் வரை உள்ளவர்களுக்கே அது சிரமம். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவருடைய கணக்கு சில ஆண்டுகளுக்கு முந்தையது. 2025-26இல் பழைய முறையில் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்விப் படி விலக்கும் இருந்தது. எவ்வளவு தெரியுமா? ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய். விடுதியில் படித்தால் 300. ஒரு நோட்டுப் புத்தகக் கட்டு வாங்கக் காணாது. இதை யாரும் திருத்தாமல் அத்தனை காலம் விட்டுவைத்திருந்தது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

இனி வழி. புதிய முறையில் பெரும்பாலான கழிவுகளை எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்த ஒன்றிரண்டில் முக்கியமானது, என்.பி.எஸ். ஓய்வூதியக் கணக்கில் கம்பெனி தன் கணக்கில் செலுத்தும் தொகை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் 14 சதவீதம் வரை, அதற்கு வரி கிடையாது. தனியார் ஊழியருக்கு இது 10 சதவீதமாக இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய முறைக்கு 14 ஆக்கினார்கள். உங்கள் கணவருக்கு 94,500 வரை இடம் இருக்கிறது.

அவர் கம்பெனியிடம் கேட்க வேண்டியது இதுதான். மொத்தச் சம்பளத்தைக் கூட்ட வேண்டாம். இப்போது தரும் படிகளிலிருந்து ஆண்டுக்கு 75,000ஐக் குறைத்து, அதைக் கம்பெனியின் பங்காக என்.பி.எஸ்.இல் கட்டச் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அதைக் குறைத்தால் பி.எஃப்.உம் கிராஜுவிட்டியும் சேர்ந்து குறையும். அப்படிச் செய்தால் வரிக்குரிய வருமானம் சரியாக 12 லட்சம், வரி பூஜ்யம்.

சம்பளச் சிலிப்பில் இது எப்படித் தெரியும்? இப்போது மாதம் 1,12,500. அதில் பி.எஃப். 6,750, வரி 6,175 போக 99,575 வருகிறது. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 பிடிக்கும் மாதத்தில் மட்டும் இன்னும் குறையும். மாற்றிய பிறகு பி.எஃப். 6,750, என்.பி.எஸ். 6,250 போக 99,500. மாதம் 75 ரூபாய் குறையும். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 75,000 ரூபாய் உங்கள் கணவர் பெயரிலேயே சேரும்.

இதில் இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்.பி.எஸ். பணம் மகனின் கல்லூரிக்கு ஆகாது. ஓய்வுக் காலத்துக்கான பணம் அது, கம்பெனி செலுத்திய பங்கை நடுவில் எடுக்கலாம் என்று எண்ணி வைக்கக் கூடாது. ஓய்வு பெறும்போதும் ஒரு பகுதியைக் கொண்டு மாத ஓய்வூதியம் வாங்கியாக வேண்டும். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் அந்தப் பணம் எப்படியும் வரியாகப் போகவிருந்த பணம், ஆகவே தயங்காமல் செய்யச் சொல்வேன். இன்னொன்று, கம்பெனி இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் ஹெச்.ஆர்.இடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் பல கம்பெனிகள் செய்து தருகின்றன. வங்கியில் யாராவது, "நீங்களே என்.பி.எஸ். கட்டுங்கள், 50,000 கழிவு" என்று சொன்னால் அது பழைய முறைக்கு மட்டும் பொருந்துவது. புதிய முறையில் ஊழியர் தாமாகக் கட்டும் தொகைக்குக் கழிவு இல்லை. கம்பெனி மறுத்துவிட்டால் 74,100ஐக் கட்டுவதுதான் வழி. வரி மிச்சம் என்று சொல்லி விற்கும் பாலிசி எதையும் வாங்காதீர்கள்.

இப்போது நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒன்று. கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான்: பிள்ளைகள் பெயரில் உள்ள எஃப்.டி.

மைனர் பிள்ளையின் பெயரில் வரும் வட்டியைப் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தில் சேர்க்க வேண்டும். பணம் போட்டவர் நீங்கள் என்றாலும் வட்டி உங்கள் கணவர் கணக்கில்தான் ஏறும். இரண்டரை லட்சத்துக்கு ஆண்டு வட்டி சுமார் 18,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்காவது உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. கம்பெனிக்கு இந்த வட்டி தெரியாததால் அவர்கள் பிடிப்பதில்லை. ரிட்டர்ன் போடும்போது 2,808 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

அது சின்னத் தொகை என்று விட்டுவிடலாம். ஆனால் மேலே சொன்ன என்.பி.எஸ். மாற்றத்தைச் செய்து வருமானத்தைச் சரியாக 12 லட்சத்தில் நிறுத்திய பிறகு இந்த 18,000 வந்து விழுந்தால் என்ன ஆகும்? 12,18,000. கோட்டைத் தாண்டிய தொகை முழுவதும் வரி. 18,000உம் அதற்குச் செஸ் 720உம் சேர்ந்து 18,720. வட்டியாக வந்ததைவிட வரி அதிகம். பிள்ளைகளுக்கென்று சேர்த்த பணத்தின் ஓராண்டு வட்டி, கைக்காசு 720உடன் சேர்ந்து போய்விடும்.

ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். எஃப்.டி. முதிர இன்னும் நாள் இருந்தால், இந்த ஆண்டு என்.பி.எஸ். தொகையை 75,000க்குப் பதில் 93,000 ஆக்கச் சொல்லுங்கள். 94,500 வரம்புக்குள்தான் இருக்கிறது. மாதம் 7,750 பிடித்தமாகும், கைக்கு 98,000 வரும். எஃப்.டி. முதிர்ந்ததும் அதை அப்படியே புதுப்பிக்காதீர்கள். மகளின் பங்கைச் செல்வமகள் கணக்கில் போடுங்கள், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். மகன் பெயரில் பி.பி.எஃப். எனும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்குங்கள். 2025-26இல் செல்வமகளுக்கு 8.2 சதவீதம், பி.பி.எஃப்.க்கு 7.1. இந்த இரண்டின் வட்டிக்கும் எந்த முறையிலும் வரி இல்லை, ஆகவே கணவர் கணக்கில் ஏறும் பேச்சே எழாது. பி.பி.எஃப். முதிரப் பதினைந்து ஆண்டு என்றாலும் ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். மகன் கல்லூரிக்குப் போகும் காலத்துக்கு அது பொருந்தி வருகிறது. உங்களுக்கே பி.பி.எஃப். கணக்கு இருந்தால், உங்களுடையதும் மகனுடையதும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான் வரம்பு என்பதை மறக்க வேண்டாம்.

இனிமேல் உங்கள் சம்பளத்தில் மிச்சப்படுத்திப் போடும் எஃப்.டி. எதுவானாலும் உங்கள் பெயரிலேயே போடுங்கள். நிரந்தரக் கழிவு போக உங்கள் வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே தாராளமாக இருக்கிறது. அங்கே விழும் வட்டிக்கு வரி வராது. ஆனால் கணவரின் பணத்தை உங்கள் பெயரில் போட்டால் வட்டி மறுபடி அவர் கணக்குக்கே போகும். எந்தச் சம்பளத்திலிருந்து வந்த பணம் என்பதற்கு உங்கள் பாஸ்புக்கே சாட்சியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் விஷயம். புதுச்சேரியில் இருப்பதால் இந்த ஒப்பீடு என்னிடம் அடிக்கடி வருகிறது. பிரான்ஸில் வரியைத் தனி ஆளுக்குப் போடுவதில்லை, குடும்பத்துக்குப் போடுகிறார்கள். கணவன், மனைவி ஆளுக்கு ஒரு பங்கு. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைப் பங்கு, மூன்றாவது பிள்ளையிலிருந்து ஒரு முழுப் பங்கு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மூன்று பங்கு. குடும்ப வருமானத்தை மூன்றால் வகுத்து, அந்தச் சிறிய தொகைக்கு வரி கண்டு, மூன்றால் பெருக்குகிறார்கள். வகுக்கும்போது வருமானம் கீழ்ப் படிக்கு இறங்கிவிடுவதால் வரி குறைகிறது. இப்படிக் கிடைக்கும் லாபத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. போர் முடிந்த 1945இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதோடு இரண்டாவது பிள்ளை பிறந்ததும் குடும்பப் படி தொடங்குகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் சுமார் 150 யூரோ. 2015இலிருந்து வருமானம் அதிகமுள்ள குடும்பங்களுக்கு அது பாதியாக, அதற்கும் மேலே கால் பங்காகக் குறைகிறது. பிரான்ஸில் வசிப்பவர்களுக்குத்தான் இது கிடைக்கும். அதே அக்காவின் சம்பளச் சிலிப்பை வாங்கிப் பாருங்கள். வருமான வரிக்கு முன்பே, சமூகப் பாதுகாப்புக்கென்று மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிடித்திருப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வரும் பணம் அந்தப் பிடித்தங்களோடு சேர்ந்து வருவதுதான்.

நம் நாட்டிலும் பிள்ளைகளை எண்ணிய காலம் இருந்தது. 1955 பட்ஜெட்டில் மணமானவருக்கும் மணமாகாதவருக்கும் வெவ்வேறு வரம்பு வைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு கூடவும் செய்தது. பிறகு அது போய்விட்டது. இன்று வரிச் சட்டத்துக்கு உங்கள் கணவரும், பிள்ளை இல்லாத அவருடைய சக ஊழியரும் ஒன்றுதான். இது சரியல்ல என்பதே என் கருத்து. ஒருவர் சம்பாதித்து நான்கு பேர் சாப்பிடும் வீட்டை நினைக்கும்போது இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். உங்கள் இருவரின் சம்பளமான 23,10,000 ஒரே ஆளுக்கு வந்திருந்தால் வரி 2,69,100. இருவராகச் சம்பாதிப்பதால் 74,100, என்.பி.எஸ். மாற்றத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வகையில் நம் ஊர் முறை உங்களைப் போன்ற வீட்டுக்குச் சாதகமானது.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு இருக்கிறது: புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் வருமான வரியில் வித்தியாசம் உண்டா என்று. கிடையாது. எல்லையிலுள்ள கன்னியக்கோயிலுக்கு இந்தப் பக்கம் குடியிருந்தாலும் அந்தப் பக்கம் குடியிருந்தாலும் ஒரே வரிதான்.

கடைசியாக, "ஒன்றுமே இல்லையா" என்று கேட்டீர்களே, உங்களுக்கு இருக்கிறது. வரியில் அல்ல, உங்கள் வேலையில். புதுச்சேரி அரசு ஊழியர் என்பதால் மத்திய அரசு விதிப்படி பிள்ளைகளின் கல்விப் படி உங்களுக்கு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 67,500. நீங்கள் எழுதிய 9,60,000இல் இது சேர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. வாங்காமல் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். கட்டண ரசீதுகளைக் கட்டுக்கட்டாக வைக்க வேண்டிய தேவை 2018இலேயே போய்விட்டது. பிள்ளை அந்தக் கல்வியாண்டில் படித்தது என்று பள்ளித் தலைமையாசிரியர் தரும் சான்று போதும். மாதாமாதம் வராது, ஆண்டு முடிந்ததும் மொத்தமாக வரும். இதற்கு வரி உண்டு, ஆனால் உங்கள் வருமானம் 9,60,000உடன் 67,500 சேர்ந்து, 75,000 கழிந்து 9,52,500இல் நிற்பதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. பிள்ளைகளின் பதினெட்டு வயதுக்குள் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உங்களுக்கு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். பொதுத்தேர்வு ஆண்டுகளுக்கென்று முதல் பகுதியைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கம்பெனி கொடுத்த படிவத்தில் கணவர் புதிய முறையைக் குறிக்கட்டும். எதுவும் குறிக்காவிட்டாலும் அதுவாகவே எடுத்துக்கொள்வார்கள். வேறு முறை லாபம் என்று பின்னால் தெரிந்தால் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. என்.பி.எஸ். அப்படியல்ல. 14 சதவீத வரம்பு ஆண்டுச் சம்பளத்துக்குத்தான் கணக்கு என்றாலும், விட்டுப்போன மாதத்தைப் பின்னால் ஈடுகட்டச் சம்பளப் பிரிவினர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்தக் கடிதத்தை இந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடுவதற்குள் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.